ஏலத்துக்குப் பின் எஞ்சிய மாளிகை

கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கிறது காசா லோமா. ஸ்பானிய மொழியில் ‘குன்றின் மேல் வீடு’ என்று பொருள். கோபுரமும் கொத்தளமுமாகக் கோட்டை போலத் தோன்றினாலும் எந்தப் போருக்காகவும் கட்டப்பட்டதல்ல. மின்சாரத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஒருவர் தாம் குடியிருக்க எழுப்பியது. 1911இல் தொடங்கிய வேலையில் சுமார் 300 பேர் மூன்றாண்டுகள் பாடுபட்டனர். அறைகள் 98; செலவு ஏறத்தாழ 35 லட்சம் டாலர்.

மாளிகையின் உயிர் இன்றும் அதன் குதிரை லாயத்தில்தான் இருக்கிறது. வீட்டின் அடித்தளத்திலிருந்து கிளம்பும் 800 அடிச் சுரங்கப் பாதை, தெருவுக்கு அடியில் புகுந்து அங்கே போய்ச் சேர்கிறது. மஹாகனி மரத்தில் தடுப்புகள். அவற்றின் மேல், நின்ற குதிரைகளின் பெயர்கள் பொன்னெழுத்தில். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறியும் கருவிகள் இந்த லாயத்தில் ரகசியமாக உருவாயின. மராமத்து நடப்பதாகவே வெளியார் நம்பினர்.

உரிமையாளர் குடியிருந்தது பத்தாண்டுகூட இல்லை. மின் விநியோகம் அரசின் கைக்குப் போனது, வீட்டு வரி ஏறியது, 1923இல் கடன் கொடுத்திருந்த வங்கியும் முறிந்தது. மறு ஆண்டு ஏலத்தில், 15 லட்சம் டாலர் பெறுமான பொருள்கள் சுமார் இரண்டரை லட்சத்துக்குப் போயின. ஹோட்டலாக நடத்தியும் நிலைக்கவில்லை. வரி பாக்கிக்காக நகராட்சி எடுத்துக்கொண்டது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1937இல் ஒரு தொண்டர் சங்கம் பொறுப்பேற்று மக்களுக்குத் திறந்துவிட்டதால் கட்டடம் பிழைத்தது.

அந்த ஏலத்தின் விளைவைப் பார்வையாளர் பலர் அறிவதில்லை. 60 அடி உயர நடுக்கூடத்தில் இசைக்கும் பெரிய ஆர்கன் இந்த வீட்டுடையதே அல்ல. பழைய திரையரங்கு ஒன்றிலிருந்து வந்தது. அறைகளில் உள்ள மேசை நாற்காலிகளிலும் பல பின்னாளில் சேர்ந்தவை. எது அசல், எது வரவு என்று ஒவ்வொரு பொருளின் அருகிலும் எழுதிவைப்பது அருங்காட்சியகத்தின் முதல் கடமை. திருமணங்களும் விருந்துகளும் படப்பிடிப்புகளும் கூடக்கூட அந்தக் கடமை பின்னுக்குப் போகும் ஆபத்து பெரிது. அலங்காரத்துக்காக இன்று கொண்டுவந்து வைக்கும் நாற்காலி, குறிப்பில்லாமல் விட்டால், ஒரு தலைமுறைக்குள் வரலாறாகிவிடும். வாடகை வருமானம் இல்லாமல் இத்தனை பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடியாது என்பவர்களும் உண்டு.

வேடம் சேராத இடங்களும் மிச்சமிருக்கின்றன. லாயத்தின் பொன்னெழுத்துகள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. அடித்தளத்தில் திட்டமிட்ட நீச்சல் குளமோ வேலை முடியாமலே நின்றுபோனது. அங்கே புதிதாக எதையும் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.