கம்பி சுட்டால்தான் உரம்

வீட்டுத் தோட்டம் பற்றிய ஒரு காலை நேரலையில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்: “கோழி எருதானே, இயற்கை உரம். என்ன பயம்? தாராளமாகப் போடுங்க.” அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நேயர் அழைத்தார். வானலையில் பேச அவருக்கு விருப்பமில்லை. “ஏம்மா, அது இயற்கைதான். வயிற்றுப்போக்கும் இயற்கைதான்” என்றார்.

சித்தியவான் பக்கம் கோழிப் பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவராம். இப்போது வீட்டுக்குப் பின்னால் எருவை மக்க வைத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறார். அவர் சொன்னதைச் சிரித்து விட்டுவிட என்னால் முடியவில்லை. கிள்ளானில் அம்மா வீட்டு வேலியோரம் வல்லாரைப் பாத்தி இருக்கிறது. அதற்குப் பச்சைக் கோழி எருவை மூட்டையாக வாங்கிக் கொடுத்தவளே நான்தான். அந்த வல்லாரையைப் பச்சையாக அரைத்த சம்பலை என் நாலு வயது மகள் விரலால் வழித்துச் சாப்பிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சித்தியவானுக்குப் போனேன்.

கோழியின் குடலில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். கோழிக்கு நோயே தெரியாது, துள்ளிக்கொண்டு திரியும். சாணத்தோடு வெளியே வரும் சால்மொனெல்லா வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட மண்ணில் உயிரோடு இருக்கும். மழைத்துளி மண்ணைத் தெறித்தால் கீரையின் அடியிலையில் ஒட்டிக்கொள்ளும். சமைத்தால் செத்துவிடும். சிக்கல், நாம் பச்சையாகச் சாப்பிடுகிற இலைகளில்தான்.

ஐயாவின் குவியல் என் இடுப்பு உயரம் இருந்தது. ஒரு வாளி எருவுக்கு மூன்று வாளி மரத்தூளும் காய்ந்த இலையும் என்பது அவர் கணக்கு. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த பொருள் சேராவிட்டால் அது அம்மோனியாவாகக் கிளம்பி மூக்கைத் துளைக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து காட்டினார். விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிந்தது. “இதுதான் ஈரம். ஒழுகினா கூடிப்போச்சு, உதிர்ந்தா பத்தாது.” மழைக்குத் தார்ப்பாய் மூடியிருந்தது.

குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பி. உருவி, “பிடிச்சுப் பாரும்மா” என்றார். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டேன். நெருப்பு வைக்காமலே இந்தச் சூடு! எருவைத் தின்று பெருகும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பம் அது. நான் கொண்டுபோன வெப்பமானியைச் செருகினோம். நடுவில் 63 டிகிரி. ஓரத்தில் 41.

அந்த 41-தான் முக்கியம் என்றார் ஐயா. 55 டிகிரியைத் தாண்டினால் நோய்க்கிருமிகள் நெடுநேரம் தாங்காது. ஆனால் ஓரத்தில் இருப்பவை சொகுசாக உட்கார்ந்திருக்கும். பிறகு குவியல் ஆறியதும் உள்ளே பரவி மறுபடியும் பெருகலாம். அதனால்தான் வெளிப்புறத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். அமெரிக்காவின் இயற்கை விவசாய விதியும் இதையே கேட்கிறது: இப்படிப் புரட்டும் குவியல் குறைந்தது 15 நாட்கள் 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். ஐயா அந்த விதியைப் படித்ததில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டுகிறார், அவ்வளவுதான்.

குவியல் சின்னதாக இருந்தால் சூடு தங்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். பூச்சட்டியில் மக்க வைத்தேன் என்று பெருமைப்படும் என்னைப் போன்றவர்கள் கவனிக்க.

ஈ வேறு. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பச்சைக் கோழி எருவால் ஈ பெருகுகிறது என்பது பழைய புகார். ஐயாவின் குவியலில் நான் நின்ற ஒரு மணி நேரத்தில் இரண்டோ மூன்றோ ஈக்கள்தான் பார்த்தேன். புழு வளர முடியாத சூடு.

அவரிடம் இரண்டு மண்வெட்டிகள் இருந்தன. ஒன்றில் சிவப்புச் சாயம். பச்சை எருவைத் தொட்ட சிவப்பு மண்வெட்டி, மக்கிய உரத்தின் பக்கமே போகக்கூடாது. மறந்து எடுத்த பேரனுக்கு என் முன்னாலேயே திட்டு விழுந்தது. சூடு முழுக்கத் தணிந்த பிறகும் உரத்தை ஒரு மாதம் ஆற விடுகிறார். புறப்படும்போது ஒரு பை கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன், மழை பெய்த மண் வாசம்.

அடுத்த வாரமே வானொலியில் திருத்திச் சொன்னேன். அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பச்சை எரு போட்ட பாத்தியில், மண்ணைத் தொட்டு வளரும் இலையைப் பறிக்க 120 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது அதே விதி.

“நாலு மாசமா? அந்தக் காலத்துல நாங்க திங்கலையா?” என்றார்.

“தின்னீங்கம்மா. பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கும் வந்துச்சு, நீங்களே சொல்லியிருக்கீங்க.”

பதில் இல்லை. மறுநாள் போனபோது சமையலறைக் காலண்டரில் நாலு மாதம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். வேலியோரம் இன்னொரு சின்னப் பாத்தி வெட்டி, ஐயா கொடுத்த உரத்தையும் கொட்டியிருந்தார்.