பெயரில்லாத பொட்டலத்தில் என்ன மாத்திரை?

மூன்று வேளை போட்டதுமே பல வருஷ வலி பறந்துவிட்டது என்று யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்தால், முதலில் அதன் பெயரைக் கேளுங்கள். நடவு, களையெடுப்பு, கடலை பிடுங்குவது என்று பிரம்மதேசம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்களுக்கு மூட்டுவலி புதிதல்ல. திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால்தான், இங்கே மட்டுமல்ல, எந்த ஊரிலும் காகிதப் பொட்டலத்தில் கலந்து கட்டிய நாலைந்து மாத்திரைகளுக்கு மவுசு. அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம்.

உடம்பே தயாரிக்கும் சரக்கு

ஸ்டீராய்டு என்பது நம் உடம்பே கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கும் சரக்குதான். கொலஸ்ட்ரால் என்றாலே மாரடைப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது இல்லாமல் உடம்பு ஓடாது. கல்லீரல் அதிலிருந்து பித்த அமிலம் செய்கிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும், விதைப்பை டெஸ்டோஸ்டிரோனையும் அதை வைத்தே உருவாக்குகின்றன. தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி ஆக மாறுவதும் கொலஸ்ட்ராலின் நெருங்கிய சொந்தம்தான். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அதே மூலப்பொருளிலிருந்து கார்டிசோல் தயாரிக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வீக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு.

டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகள் இந்தக் கார்டிசோலின் வீரியம் கூட்டிய மாற்றுகள். அரை மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசோலுக்கு ஏறக்குறைய ஈடு. ஆஸ்துமாவிலும் முடக்குவாதத்திலும் டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் இவை உயிர் காக்கும். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால்தான் ஆபத்து.

முகம் வட்டமாக உப்பும். வயிறு பருத்துக் கைகால் மெலியும். ஊரார் ‘உடம்பு தேறிவிட்டது’ என்பார்கள். உள்ளே சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலமிழக்கும், கண்புரை வரும், அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பலாம்.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் தன் வேலையை நிறுத்திவிடும். பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையை விட்டால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரும்; உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்ச மாத்திரையோடு திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

முகத்தை வெளுப்பாக்கும் என்று தடவும் களிம்பிலும் இதே சரக்கு இருக்கலாம். தோல் மெலிந்து சிவக்கும், முகத்தில் முடி முளைக்கும். பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018-இல் மத்திய அரசு சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ பட்டியலில் சேர்த்தது.

உங்கள் உரிமை

• மருந்தின் பெயர், காலாவதித் தேதி தெரியும்படி அட்டையோடு கேளுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தானாலும் லேபிளில் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும்.

• பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

• மருந்தில் சந்தேகமா? 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். மருந்து ஆய்வாளரிடமும் புகார் தரலாம்.

• பதிவு பெறாமல் அலோபதி வைத்தியம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

• பாதிப்புக்கு இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. முதலில் வழிகாட்டுதல் வேண்டுமானால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டும். பில், சீட்டு, காலி அட்டை, மிச்ச மாத்திரை எதையும் குப்பையில் போடாதீர்கள். வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கும் அவைதான் முதல் தடயம்.