சம்பளத்துக்குப் பதில் ஷேரா? தலையாட்டும் முன் இதைப் படிங்க!

"இப்போ சம்பளம் தர முடியாதுடா, ஆனா கம்பெனில 10% உனக்குத்தான்!" ஸ்டார்ட்அப் நடத்துற நண்பர் இப்படிச் சொல்லி, நீங்களும் வீக்கெண்ட்ல கோடிங் செஞ்சு கொடுக்கறீங்களா? பணத்துக்குப் பதிலா உழைப்பைப் போட்டுப் பங்கு வாங்குறதுதான் ஸ்வெட் ஈக்விட்டி. நல்ல வாய்ப்புதான். ஆனா வாட்ஸ்அப்ல சொன்ன 10%, ஷேர் ஆகிடாது.

சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 54-ன்படி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஸ்வெட் ஈக்விட்டி கொடுக்கணும்னா:

- நீங்க அதன் நிரந்தர ஊழியராகவோ டைரக்டராகவோ இருக்கணும். வெளியே இருந்து உதவி செய்யறவருக்கு இந்த வழி கிடையாது.
- பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போடணும்.
- பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஷேருக்கு விலை போடணும்.
- கிடைச்ச ஷேரை 3 வருஷம் விற்க முடியாது.

பலரும் கவனிக்காத வரி

இலவசமா வந்த ஷேரும் வருமான வரிக் கணக்குல சம்பளம்தான். உதாரணமா, ஷேரோட சந்தை மதிப்பு ₹8 லட்சம், நீங்க 30% வரம்புல இருக்கீங்கன்னு வைங்க. செஸ் சேர்த்து ₹2,49,600 வரி. கையில ஒரு ரூபாய்கூட வரல, ஷேரை விற்கவும் முடியாது. ஆனா வரி கட்டியாகணும்! வரியைத் தள்ளிப்போடும் வசதி, அதுக்கான தகுதிச் சான்று வாங்கின ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும்தான்.

அப்போ எளிய வழி?

கம்பெனி இன்னும் பதிவாகலையா? அதுதான் சரியான நேரம். ₹1 லட்சம் மூலதனத்துல தொடங்கினா, 10% பங்குக்கு முகமதிப்புப்படி வெறும் ₹10,000. அதைக் கொடுத்து முதல் நாளே பங்குதாரர் ஆகிடுங்க. அப்போ ஸ்வெட் ஈக்விட்டியே தேவைப்படாது. கம்பெனி வளர்ந்த பிறகு அதே 10% வாங்கினா, மேலே பார்த்த வரிக் கணக்கு வந்து நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன்

1. 10% எதுல? புது முதலீட்டாளர் வந்தா உங்க சதவீதம் குறையும். அதனால ஷேர் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்க.
2. வெஸ்டிங் எப்படி? 4 வருஷத்துல படிப்படியா, முதல் வருஷம் முடியாம எதுவும் இல்லைங்கிறது வழக்கமான ஏற்பாடு. பாதியில விலகினா என்ன ஆகும்னும் எழுதுங்க.
3. இப்போ பார்க்கிற வேலையோட ஆர்டரை எடுத்துப் படிங்க. வெளி வேலைக்கும் டைரக்டர் பதவிக்கும் தடை இருக்கலாம்.

இதையெல்லாம் கேட்டா நட்பு கெட்டுடும்னு தயங்காதீங்க. கம்பெனி ஜெயிச்ச பிறகு வர்ற சண்டையிலதான் நட்பு நிஜமா கெடும்.