கங்கு விழும்வரை பொறுங்கள்

தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் விறகுக்கு அலைய வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் செடிகளைக் கவாத்து செய்வார்கள். வெட்டிப்போட்ட குச்சிகள் ஓரமாகக் காய்ந்து கிடக்கும். பார்வைக்கு ஒல்லிதான், ஆனால் வைரம் பாய்ந்த விறகு, நின்று எரியும், எரிந்த பின் நல்ல கங்கு தரும். அதே தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் முள்ளுமுருங்கை மெத்தென்ற மரம். புகையும், மளமளவென்று எரியும், சாம்பலாகிவிடும். வெட்டவெளியில் சமைக்கப் பழகுகிறவர் மசாலாவுக்கு முன்னால் இந்த வேறுபாட்டைத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், கீழ்ப்பழனி மலையில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நெடுநாளாக வேலை பார்க்கும் ஓர் அம்மா. மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டிவிட்டு, பேசாமல் உட்கார்ந்துவிடுவார். "கொழுந்துவிட்டு எரியறப்ப காய வச்சா மேல கருகிரும், உள்ள வேகாது தம்பி. கங்கு விழட்டும்" என்பார்.

அவர் சொல்வதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. விறகு சூடேறும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுக்கள்தான் சுவாலையாக எரிகின்றன. முழுதாக எரியாத கரித்துகள்தாம் பாத்திரத்திலும் உணவிலும் கருப்பாகப் படிகின்றன. வாயுக்கள் தீர்ந்ததும் மிஞ்சும் கரி, சுவாலையில்லாமல் கனலும். அந்தச் சூடு காற்றுக்கு ஆடாது; சீராக இருக்கும். ஈர விறகு என்றால் உள்ளே இருக்கும் தண்ணீரை விரட்டவே கணிசமான வெப்பம் போய்விடும், கண்ணெரிச்சல்தான் மிச்சம்.

சூட்டை அளக்கக் கையே போதும். கங்குக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு நொடிக்குமேல் தாங்கவில்லை என்றால் கடும் சூடு. ஐந்தாறு நொடி தாங்கினால் மிதமான சூடு. கங்கை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் மெலிதாகப் பரப்பிவிட்டால் இரண்டு அடுப்பு கிடைத்த மாதிரி.

குவித்த பக்கத்தில் தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தோலோடு மலைப்பூண்டு. தக்காளித் தோல் வெடித்துச் சாறு கங்கில் சொட்டும்போது எழும் வாசனைக்காகவே இத்தனை தூரம் ஏறி வரலாம். எல்லாவற்றையும் தோலுரித்து, கல்லுப்பு வைத்து நசுக்கினால் துவையல் தயார்; எண்ணெய்கூட வேண்டாம். உருளைக்கிழங்கைக் கங்கில் போடாமல் பக்கத்துச் சுடுசாம்பலில் புதைக்க வேண்டும். சாம்பல் சூட்டைத் தணித்துத் தருவதால் நடு வரைக்கும் மாவாக வெந்துவிடும். கத்தரிக்காயைக் குத்தாமல் போடாதீர்கள். உள்ளே நீராவி அடைத்துக்கொண்டு வெடிக்கும். அன்று பறித்த பீன்ஸை வாழை இலையில் மடித்துப் பரப்பிய பக்கத்தில் வைத்தால் இலையின் ஈரத்திலேயே வேகும். இலை காய்ந்து கருகத் தொடங்கும்போது எடுத்துவிடலாம். பறித்த சூடு ஆறாத காய்க்கு இதற்குமேல் எதுவும் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். மசாலாவெல்லாம் வாடிய காய்க்குத்தான் வேண்டும்.

சோறு மட்டும் கூடுதல் நேரம் கேட்கும். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ 1 டிகிரி குறைகிறது. சுமார் 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதனால் அரிசியை ஊறவைத்து, மூடி போட்டு, அவசரப்படாமல் விட வேண்டும். பருப்பை நம்பி மலையேறாதீர்கள். பானையின் வெளிப்புறம் ஈர மண்ணைப் பூசிவிட்டு ஏற்றினால், கரி மண்ணோடு கழுவிப் போய்விடும்.

சில விஷயங்களில் விளையாடக் கூடாது. ஓடைக்குள் கிடந்த கல்லை அடுப்புக்கு எடுக்காதீர்கள். உள்ளே புகுந்த நீர் ஆவியாகிக் கல் வெடிக்கக்கூடும். பெயர் தெரியாத குச்சியில் எதையும் குத்திச் சுடாதீர்கள். அரளியின் குச்சி, இலை, புகை எல்லாமே நஞ்சு.

எல்லாவற்றுக்கும் முன்னால் இடம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே தடுக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு தனியார் தோட்டத்தில், சருகு கூட்டிய வெறும் மண்ணில் மட்டும் மூட்டுங்கள். பிப்ரவரி முதல் மே வரை அங்கும் வேண்டாம். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2018 மார்ச் குரங்கணித் தீயே சாட்சி.

சாப்பிட்டதும் கங்கின்மேல் மண்ணள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. அடியில் கனல் பல மணி நேரம் உயிரோடிருக்கும், வேர் வழியாகவும் நகரும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். அந்த அம்மா கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். துளி வெதுவெதுப்பு இருந்தாலும் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுவார்.