ஒரு எலக்ட்ரானுக்கு எவ்வளவு?

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டுகிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். ஒருநாள் டி.வி. ரிமோட்டிலிருந்து கழற்றிய இரண்டு பழைய பென்சில் பேட்டரிகளையும், சிவப்பிலும் நீலத்திலும் ஒவ்வொரு எல்.இ.டி.யையும் கொண்டுவந்தாள். பேட்டரிகளைத் தொடராக இணைத்துக் காட்டினாள். சிவப்பு எரிந்தது, நீலம் எரியவில்லை.

"ஏன் சார்?"

"நீலத்துக்குக் கரண்ட் அதிகம் வேணும்மா" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

மறுநாளும் வந்தாள். இன்னும் இரண்டு ஜோடிப் பழைய பேட்டரிகளைத் தேடிப்பிடித்து, முதல் ஜோடியோடு பக்க இணைப்பில் இன்சுலேஷன் டேப் போட்டுச் சுற்றியிருந்தாள். "கரண்டைக் கூட்டிட்டேன் சார். அப்பவும் எரியல." எனக்குப் பாடம் முடிக்கும் அவசரம். "அப்புறம் பார்க்கலாம், உட்காரும்மா" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்புக்கு வேறு எதையும் கொண்டுவரவில்லை.

நான் சொன்ன பதில் தவறு என்பதை அவள் ஒரு சோதனை செய்தே காட்டிவிட்டாள் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. பத்தாம் வகுப்பு மின்னழுத்தமும் பன்னிரண்டாம் வகுப்பு குவாண்டம் இயற்பியலும் கைகோக்கும் இடம் அந்த டேப் சுற்றிய பேட்டரிக் கட்டுதான்.

மின்னழுத்த வேறுபாடு என்றால் என்ன என்று கேட்டால், "செய்யப்பட்ட வேலை வகுத்தல் மின்னூட்டம்" என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வகுத்தலுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம் பேச்சு வழக்கும் உதவுவதில்லை. வீட்டில் விளக்கு எரிந்தாலும் கரண்ட், கம்பியில் ஷாக் அடித்தாலும் கரண்ட், மோட்டார் ஓடாமல் முனகினால் மட்டும் லோ வோல்டேஜ். மின்னழுத்தமும் மின்னோட்டமும் பிள்ளைகள் மனதில் ஒரே குழம்பாகக் கிடக்கின்றன. ஆசிரியர்கள் மனதிலும் சில நேரம் அப்படித்தான். என் பதிலே சாட்சி.

வகுத்தல் என்றால் "தலைக்கு இவ்வளவு" என்று பொருள். ஒரு வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். ஒரு கூலும் என்பது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம். அந்த ஒரு ஜூலை அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 1.6 × 10⁻¹⁹ ஜூல் கிடைக்கும். இதற்குத்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர். மேல்வகுப்பில் திடீரென்று வந்து மாணவர்களைப் பயமுறுத்தும் இந்த அலகு, உண்மையில் பத்தாம் வகுப்பு வாய்பாட்டை ஒரே ஓர் எலக்ட்ரானுக்கு எழுதிப் பார்த்ததுதான்.

வகுப்பில் நான் செம்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சொல்வேன். திண்டுக்கல் பேருந்துக்கு டிக்கெட் இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் பதினைந்து ரூபாய்தான் இருக்கிறது. பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் ஒருவரும் ஏற முடியாது. ஒவ்வொருவர் கையிலும் உள்ள காசு மின்னழுத்தம். ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது மின்னோட்டம். "நாலு பேர் காசைச் சேர்த்து மூணு பேர் போகலாமே சார்" என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். நல்ல கேள்வி. மனிதர்கள் அப்படிச் செய்யலாம். எல்.இ.டி.க்குள் எலக்ட்ரான்கள் அப்படிச் சேர்த்துக் கொடுப்பதில்லை. உவமை முறியும் அந்த இடத்தில்தான் குவாண்டம் தொடங்குகிறது.

குறைக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்கள் இரண்டு தளங்களாக இருக்கின்றன. நடுவே எதுவும் நிற்க முடியாத ஓர் இடைவெளி. மேல்தளத்தில் இருக்கும் எலக்ட்ரான் கீழே விழும்போது அந்த இடைவெளி அளவு ஆற்றலை ஒரே ஃபோட்டானாக வெளியிடுகிறது. பாதி இப்போது, மீதி பிறகு என்ற பேச்சே இல்லை. ஃபோட்டானின் ஆற்றல் என்பது பிளாங்க் மாறிலியை ஒளியின் அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவது. நீல ஒளிக்கு அதிர்வெண் அதிகம், ஆகவே அதன் ஃபோட்டானுக்கு விலையும் அதிகம். கையில் வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழி: 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 630 நானோமீட்டர் சிவப்புக்கு 1.97, 465 நானோமீட்டர் நீலத்துக்கு 2.67.

இனி அந்தப் பெண்ணின் பேட்டரிகளுக்கு வருவோம். தேய்ந்த பேட்டரி ஒவ்வொன்றும் 1.1 வோல்ட் கொடுத்தால் இரண்டும் தொடரில் 2.2 வோல்ட். சிவப்புக்குப் போதும், நீலத்துக்குப் போதாது. பக்க இணைப்பில் இன்னும் எத்தனை ஜோடி சேர்த்தாலும் எலக்ட்ரான்களை அனுப்பும் திறன் கூடுமே தவிர, தலைக்குக் கிடைப்பது அதே 2.2-தான்.

இதே தர்க்கம்தான் ஒளிமின் விளைவிலும். ஒளியின் செறிவைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடாது. 1905-இல் ஐன்ஸ்டீன் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மில்லிகன் அதை நம்பாமலேயே பல ஆண்டுகள் சோதனை செய்து, நிறுத்து மின்னழுத்தத்தை அளந்து, 1916-இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடு சரி என்று காட்டும் முடிவுகளை வெளியிட்டார். அவர் வரைந்த நேர்கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி கிடைத்தது. எல்.இ.டி.யை வைத்து நாம் அதைத் திருப்பிப் போட்டுச் செய்யலாம். அங்கே ஒளி கொடுத்து வோல்ட்டை அளந்தார்கள். இங்கே வோல்ட் கொடுத்து ஒளியைப் பார்க்கிறோம்.

பொருள்கள் எல்லாம் திண்டுக்கல் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைப்பவைதான். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் மாறு மின்தடை (கடையில் "வால்யூம் கண்ட்ரோல்" என்று கேளுங்கள்), 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நிறமற்ற உறை கொண்ட சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்.இ.டி.கள். வெள்ளை வேண்டாம், அது பெரும்பாலும் மஞ்சள் ஒளிரும் பூச்சு போட்ட நீல எல்.இ.டி.தான், கணக்கைக் குழப்பும். டிஜிட்டல் மல்டிமீட்டரை நான் முதல்முறை ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் இரவல் வாங்கினேன். மாறு மின்தடையின் இரு ஓர முனைகளைப் பேட்டரியோடும், நடு முனையிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.யின் நீளக் காலையும், குட்டைக் காலைப் பேட்டரியின் எதிர்முனையோடும் இணைக்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 9 வோல்ட் கொடுத்தால் எல்.இ.டி. நொடியில் போய்விடும். வீட்டு மின்சாரத்தின் பக்கமே போகக் கூடாது.

எல்.இ.டி.யின் மேல் கருப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டிச் செருகி, மாணவர் அதன் வழியே பார்த்துக்கொண்டே குமிழை மெல்லத் திருப்ப வேண்டும். முதல் மினுக்கு தெரிந்ததும் நிறுத்தி, எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு இடையே மல்டிமீட்டர் காட்டுவதைக் குறிக்க வேண்டும். அதற்குமேல் திருப்பிக்கொண்டு, பிரகாசமான நீலத்தை உற்றுப் பார்க்க விடாதீர்கள்.

எங்கள் வகுப்பில் சிவப்பு 1.70, மஞ்சள் 1.80, பச்சை 2.15, நீலம் 2.45 வோல்ட் என்று வந்தது. உறையில் அச்சிட்டிருந்த அலைநீளங்கள் முறையே 630, 590, 525, 465 நானோமீட்டர். கிடை அச்சில் அதிர்வெண், செங்குத்து அச்சில் மின்னழுத்தம் வைத்து வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு கோட்டில் நின்றன. சிவப்பிலிருந்து நீலத்துக்கு மின்னழுத்தம் 0.75 வோல்ட் ஏறுகிறது, அதிர்வெண் 1.69 × 10¹⁴ ஹெர்ட்ஸ் ஏறுகிறது. வகுத்து, எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 7.1 × 10⁻³⁴ ஜூல் வினாடி. உண்மை மதிப்பு 6.626 × 10⁻³⁴. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, "நாமளா சார் கண்டுபிடிச்சோம்?" என்று ஒருவன் கேட்டான். 2019 மே 20 முதல் உலகத்தின் கிலோகிராமே இந்த மாறிலியைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது என்று சொன்னேன். அதைவிட, விடை ஏன் 7 சதவீதம் விலகியது என்ற விவாதம்தான் சுவையாக இருந்தது. முதல் மினுக்கை ஆளுக்கொரு நேரத்தில் பார்க்கிறோம். அறையின் வெப்பமும் எலக்ட்ரான்களுக்குக் கொஞ்சம் ஆற்றல் கொடுப்பதால், கணக்கிட்ட அளவுக்குச் சற்று முன்பே ஒளி வந்துவிடுகிறது. பச்சை, நீல எல்.இ.டி.கள் வேறு சேர்மத்தால் ஆனவை. விடையைச் சரியாக்க அளவீட்டை மாற்றி எழுதிய ஒரு குழுவைக் கண்டுபிடித்து, பழைய எண்ணையே திரும்ப எழுதச் சொன்னேன்.

அந்த நீலச் சேர்மத்துக்கு ஒரு கதை உண்டு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-இலேயே வந்துவிட்டது. போதிய இடைவெளி உள்ள காலியம் நைட்ரைடைப் பழுதின்றி வளர்க்க முடியாததால், பளிச்சென்ற நீலம் 1990-களில்தான் வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. திருவிழாப் பந்தலில் நீல விளக்கு பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கிறது என்பதை வோல்ட்டைக் கொண்டே தனி அணுக்களிலும் காட்டிவிட்டார்கள். 1914-இல் ஃபிராங்க், ஹெர்ட்ஸ் இருவரும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களை முடுக்கினார்கள். 4.9 வோல்ட் வரை அவை பாதரச அணுக்களில் மோதியும் ஆற்றலை ஏறக்குறைய இழக்கவில்லை. 4.9-ஐ எட்டியதும் மொத்தமாகப் பறிகொடுத்தன; ஆவியிலிருந்து 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி வந்தது. 1240-ஐ 254-ஆல் வகுத்துப் பாருங்கள். சில வகுப்பறைகளில் இன்னும் சோக் வைத்த பழைய டியூப் லைட் இருக்கும். அதற்குள் நடப்பதும் இதேதான். அந்தப் புற ஊதா ஒளியை வெள்ளையாக்குவது கண்ணாடியின் உட்பூச்சு.

செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு நோக்கிப் போகும் வேன்களில் பாதி கொடைக்கானல் வண்டிகள். அங்கே 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கால்சியம் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அதன் அலைநீளம் 393.4 நானோமீட்டர். அதாவது 3.15 எலக்ட்ரான் வோல்ட். சுற்றுலா போகும் மாணவர்களிடம் இந்த ஒரு எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்; மலை மேல் கேட்பதற்கு அவர்களிடம் ஒரு கேள்வி இருக்கும்.

ஆறாம் வகுப்பில் பிளாங்க் மாறிலி வேண்டியதில்லை. தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் வரும்போது, இரண்டு பழைய பேட்டரி, இரண்டு நிறம், அவ்வளவு போதும். எது எரியும் என்று முன்னதாகவே கை தூக்கச் சொல்லிவிட்டு, பிறகு இணைத்துக் காட்டுங்கள். பக்க இணைப்பிலும் நீலம் எரியாதபோது அவர்களே ஏன் என்று கேட்பார்கள்.

சென்ற ஆண்டு இந்தச் சோதனை முடிந்து பொருள்களை எடுத்துவைக்கும்போது, மல்டிமீட்டரைக் கழற்ற மறந்த ஒரு சிவப்பு எல்.இ.டி. சன்னல் வெயிலில் கிடந்தது. பேட்டரியே இல்லாமல் மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒளியை வாங்கி அது மின்னழுத்தம் கொடுக்கிறது என்று சொன்னேன். உடனே இரண்டு பேர் நீல எல்.இ.டி.யை எரியவிட்டு, அதைச் சிவப்பின் தலைக்கு நேராகப் பிடித்தார்கள். மீட்டரில் வோல்ட் வந்தது. பிறகு மாற்றி, எரியும் சிவப்பை நீலத்துக்கு நேராகப் பிடித்தார்கள். எவ்வளவு நெருக்கிப் பிடித்தும் ஒன்றும் வரவில்லை. "இன்னொரு சிவப்பையும் சேர்த்துப் பிடிடா" என்றான் ஒருவன். "நூறு பிடிச்சாலும் வராது" என்றாள் பக்கத்தில் நின்ற மாணவி. அவளைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி, சாக்பீஸைக் கையில் கொடுத்தேன்.