காரின் பின்பக்கம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கார் வாங்கச் செல்லும் குடும்பங்கள் விலை, மாதத் தவணை, பெட்ரோல் செலவு ஆகியவற்றை விசாரிக்கின்றன. பின் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால், மழையில் கேமரன் மலை வளைவுகளில் இறங்கும்போதும், ஐந்து பேரோடு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் செல்லும்போதும், கார் நிலையாக நிற்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு வகைகள்

மலேசியச் சாலைகளில் ஓடும் கார்களில் இரண்டு வகைகள் அதிகம். முதலாவது 'டோர்ஷன் பீம்'. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே இரும்புச் சட்டம் இணைத்திருக்கும். பெரொடுவா மைவி, புரோட்டோன் சாகா, புரோட்டோன் எக்ஸ்50 ஆகியவற்றில் இருப்பது இதுதான். இதில் பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. அதிக இடத்தை அடைக்காததால் பூட்டில் கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால், அந்த அதிர்வில் ஒரு பகுதி சட்டத்தின் வழியே மறு சக்கரத்தையும் எட்டும். வளைவின் நடுவே மேடு பள்ளம் இருந்தால் பின்பக்கம் சற்றுத் துள்ளலாம்.

இரண்டாவது 'மல்டி-லிங்க்'. ஒவ்வொரு சக்கரத்தையும் பல கம்பிகள் தனித்தனியே பிடித்திருக்கும். ஒன்று குழியில் விழுந்தாலும் மற்றொன்று சாலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். புரோட்டோன் எக்ஸ்70, ஹோண்டா சிவிக் ஆகியவற்றில் இது உண்டு. பயணம் மென்மையாக இருக்கும். ஆனால் ரப்பர் புஷ்கள் அதிகம். அவை தேய்ந்தால் பழுதுச் செலவும் அதிகம்.

பெயர் மட்டும் போதாது

'மல்டி-லிங்க்' என்ற சொல் விற்பனைக்கு உதவுகிறது. ஆனால் தயாரிப்பாளர்களே ஒரே வழியில் செல்வதில்லை. 2019இல் மலேசியாவுக்கு வந்த புதிய டொயோட்டா கொரோலா, டோர்ஷன் பீமைக் கைவிட்டு, பின் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் அமைப்புக்கு மாறியது. அதே ஆண்டு வந்த புதிய மஸ்டா 3, மல்டி-லிங்கைக் கைவிட்டு டோர்ஷன் பீமுக்கு மாறியது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், முன் சக்கர இயக்கக் கார்களுக்கான சாதனையை அதே 2019இல் முறியடித்த ரெனோ மெகானிலும் டோர்ஷன் பீம்தான் இருந்தது. ஸ்பிரிங், அப்சோர்பர், புஷ், டயர் ஆகியவற்றை எவ்வளவு பொருத்தமாக அமைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

பழைய கார் வாங்குவோருக்கு

பழைய காரில் வகையைவிட அதன் நிலை முக்கியம். அப்சோர்பர் தேய்ந்த மல்டி-லிங்க் காரைவிட, நன்கு பராமரித்த டோர்ஷன் பீம் கார் பாதுகாப்பானது. வாங்கும் முன் இவற்றைப் பார்க்கலாம்:

• பின் அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு உள்ளதா?

• பின்பக்கத்தை அழுத்தி விட்டால் கார் உடனே அடங்குகிறதா, மீண்டும் மீண்டும் ஆடுகிறதா?

• பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்துள்ளதா? டோர்ஷன் பீம் கார்களில் பின் சக்கரக் கோணத்தைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. சட்டம் வளைந்திருந்தால் அதையே மாற்ற வேண்டி வரும்.

• மேடுகளில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா?

சோதனை ஓட்டத்திற்கு ஒருவர் மட்டும் செல்வதைவிட, குடும்பத்தோடு சென்று வழக்கமாகப் பயணிக்கும் கரடுமுரடான சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆள் நிறைந்தால் பின்பக்கம் அதிகம் தாழ்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.