வியாபாரிக்கு எதற்குச் சமையல் வகுப்பு?

இந்தப் பத்தியில் வழமையாகக் காசோலை, வற் வரி, கடை வாடகை, சுங்கத் தீர்வை என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் குசினியைப் பற்றி எழுதுகிறேன். பெண்கள் பக்கத்துக்குப் போக வேண்டிய கட்டுரை தவறி இங்கே வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய, காலை முதல் இரவு வரை லாச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எம்மைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கடந்த வருடம் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சமையல் வகுப்புக்குப் போய் வந்தேன். ஆண்களுக்கு மட்டுமான வகுப்பு. பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் தனது வீட்டுப் பின்விறாந்தையில் நடத்துகிறார். ஒரு தடவைக்கு எட்டுப் பேர், நான்கு அடுப்பு. நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தோம். எங்களோடு புறக்கோட்டைப் புடைவைக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவர், முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர், கட்டாருக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் ஒரு பையன் எல்லோரும் இருந்தார்கள்.

"வீட்டில் மனைவி இருக்கிறா, மருமகள் இருக்கிறா, உங்களுக்கு இந்த வயதில் ஏன் இது?" என்று பள்ளிவாசல் வாசலில் கேட்டவர்கள் அநேகர். அவர்களுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதல் நாள் மாஸ்டர் எங்களைச் சமைக்க விடவில்லை. ஒரு சிறிய தராசைக் கொண்டுவந்து வைத்து, "நீங்க எல்லாம் வியாபாரிகள்தானே, முதல்ல நிறுத்துப் பாருங்க" என்றார். நாம் தினமும் பிளேன்ரீக்குப் போடும் சீனியைக் கரண்டி கரண்டியாக நிறுத்தோம். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம் வந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். கடையில் ஒரு வாடிக்கையாளர் வந்தால் ஒரு பிளேன்ரீ. கம்பனிப் பிரதிநிதி வந்தால் ஒன்று. கடன் கேட்டு வருபவரோடு ஒன்று, கடனைத் தர வருபவரோடு இன்னொன்று. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்பது எமது தொழிலில் குறைந்த கணக்கு. கோப்பைக்கு மூன்று கரண்டி வீதம் பதினெட்டுக் கரண்டி, அதாவது 72 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்கிறது. நாம் பகல் சோறு உண்ணும் முன்பே, வட்டிலப்பத்தைத் தொடும் முன்பே, எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

உப்பும் அப்படித்தான். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது அதே நிறுவனத்தின் ஆலோசனை. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சோறு, கறி, பாண், மாசிச் சம்பல், ஊறுகாய், பின்னேரம் வாங்கும் ரோல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு.

டொக்டர் "உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்" என்று சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுகிறார். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஆனால் கறியில் எவ்வளவு உப்புப் போகிறது என்று தெரியாதவர் எதைக் குறைப்பது? களஞ்சியத்தில் எத்தனை மூடை கிடக்கிறது என்று தெரியாத முதலாளி சரக்கைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்வது போன்றதுதான் அது. பிரஷரும் சீனி வியாதியும் கொலஸ்ட்ரோலும் எம் வர்த்தகர்கள் மத்தியில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கடைக்கடையாகப் போய் லாச்சியைத் திறந்தால் காசுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருக்கும்.

மாஸ்டர் காட்டித் தந்தது உப்பைக் குறைத்தாலும் நாக்குக்குத் தெரியாமல் செய்யும் வழி. மல்லியையும் சீரகத்தையும் வறுத்து இடித்தால் வாசனை இரட்டிப்பாகிறது. இறக்கும் நேரத்தில் தேசிக்காய் பிழிந்தால் பாதி உப்புப் போதும். கொறுக்காய்ப் புளி, ரம்பை, கறிவேப்பிலை, இஞ்சி, உள்ளி ஆகியவை ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் சட்டிக்குள் போக வேண்டும் என்பதில்தான் விடயம் இருக்கிறது. கறுவாவும் ஏலமும் கராம்பும் மொத்தமாக விற்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா விக்கிறேன், எப்ப போடுறதுன்னு ஒருத்தரும் சொல்லல்லயே" என்று சிரித்தார்.

வெங்காயம் தவணை தராது

உடம்பைப் பற்றிச் சொன்னேன். உண்மையில் எனக்குப் பெரிய நன்மை மனதுக்குத்தான் கிடைத்தது.

வியாபாரியின் மூளை ஒருபோதும் கடையை மூடுவதில்லை. தொழுகையில் நிற்கும்போது கூட, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு என்று ஓடுகிறது. இரவு படுத்தால் டொலர் விலை. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் அங்கேயும் சரக்கு விலை. ஓய்வு என்று நாம் நினைப்பது தொலைக்காட்சிக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். அதில் உடம்பு சாய்ந்திருக்கும், மனது சாயாது.

இரண்டாம் வாரம் பம்பாய் வெங்காயம் வதக்கினோம். புடைவைக் கடைக்காரருக்கு போன் வந்தது. காசோலை ஒன்று திரும்பிவிட்ட செய்தி. அவர் ஒரு கையில் அகப்பையும் மறு கையில் போனுமாக நின்றார். மாஸ்டர் சொன்னார்: "நானா, போனை அந்த மேசையில வைங்க. வெங்காயத்துக்கு உங்கட செக்கைப் பத்தித் தெரியாது." எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். வங்கி முகாமையாளரிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாம். வெங்காயத்திடம் இரண்டு நிமிடம் கூடக் கேட்க முடியாது. பொன்னிறம் வரும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கசப்பு. கண், மூக்கு, காது, கை எல்லாம் ஓர் இடத்தில் நிற்கின்றன. அந்தப் பத்து நிமிடம் கடை நினைவே வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு நித்திரை வேறு மாதிரி வந்தது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அல்ல. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2016 முதல் 2018 வரை நடந்த ஏழு வாரச் சமையல் வகுப்புகளில் சேர்ந்த 657 பேரைப் பற்றிய ஆய்வு அது. வகுப்பு முடிந்ததும் அவர்களது மனநலமும் பொதுவான ஆரோக்கியமும் உற்சாகமும் கூடியிருந்தன. ஆறு மாதங்கள் கழிந்தும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. இதில் என் கவனத்தை இழுத்த விடயம் ஒன்று உண்டு. அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை என்று தெரிந்தும் மனநலம் முன்னேறியிருக்கிறது. அப்படியானால் மருந்து சட்டிக்குள் மட்டும் இல்லை, சட்டிக்கு முன்னால் நிற்பதிலும் இருக்கிறது. வகுப்புத் தொடங்கும்போது ஆண்களில் சமையலில் தன்னம்பிக்கை உள்ளவர்கள் பெண்களை விட மிகக் குறைவாக இருந்து, முடியும்போது இரு சாராரும் சமமாகிவிட்டார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அங்கேயும் எம்மைப் போன்றவர்கள்தான் இருந்திருக்கிறார்கள்.

மாணவனாக உட்காருவதிலும் ஒரு சுகம் உண்டு. கடையில் நாம் முதலாளி. நாம் சொல்வதைத்தான் பிறர் கேட்பார்கள், எம்மைத் திருத்த ஒருவரும் இல்லை. வகுப்பில் கட்டாருக்குப் போகும் பையன் என்னை விட மெல்லியதாக வெங்காயம் வெட்டுவான். அவனிடம் கேட்டுத்தான் நான் வெட்டப் பழகினேன். அதில் குறைந்துபோக ஒன்றுமில்லை. பல வருடங்களுக்குப் பின், விலையும் கடனும் பேசாமல் நாலு மனிதர்களோடு இரண்டு மணித்தியாலம் இருந்ததும் இங்கேதான்.

மூடிக் கிடந்த குசினி

எங்கள் எட்டுப் பேரில் ஒருவருடைய மனைவி மூன்று வருடங்களுக்கு முன் வபாத்தாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மனுஷன் காலையில் ஹோட்டல் பராட்டா, பகலில் சோற்றுப் பார்சல், இரவில் கொத்து என்று காலம் கடத்தியிருக்கிறார். கையில் காசு இல்லாமல் அல்ல. குசினிக்குள் போகவே மனம் வரவில்லை. மகளின் வற்புறுத்தலுக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தார். முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான்காவது வாரம் வந்து, "நேத்து வீட்டுக் குசினியில லைட் போட்டேன். பருப்பு ஆக்கின. அவட சட்டியிலதான்" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் அவர் தோளில் கையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். இப்போது அவர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் பக்கத்து வீட்டு முதியவரையும் கூப்பிட்டுச் சாப்பிடுகிறார்.

நாம் யார் முந்தப் போகிறோம் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். மனைவி உம்றாவுக்குப் போனால், மகளின் பிரசவத்துக்குப் போனால், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், எம்மில் எத்தனை பேர் ஒரு சட்டிச் சோறும் பருப்பும் வைத்துக்கொள்வோம்? 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடைகள் மூடிக் கிடந்தபோது, வீட்டுக்குள் அடைபட்ட எத்தனை முதலாளிமார் செய்வதறியாமல் பெண்களோடு சண்டை பிடித்தார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

ஆண் சமைப்பது எமக்குப் புதிய விடயமும் அல்ல. கலியாணப் புரியாணியை ஆக்குபவர் ஆண். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சுபவர்களும் ஆண்கள்தான். வீட்டு வாசற்படியைத் தாண்டினால் மட்டும் அது பெண் வேலையாகிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தமது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைத் தம்மோடு உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுக்க வேண்டும், அதன் சூட்டைச் சகித்தவர் அவர்தானே என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. இதைப் பல தடவை பயானில் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் மாத வெயிலில் நான்கு அடுப்புகளுக்கு நடுவே நின்று கோழிக்கறி இறக்கிய அன்றுதான் "சூடு" என்ற சொல் எனக்கு உடம்பால் விளங்கியது. அன்றிரவு வீட்டில் மனைவி வைத்த கறியை உண்டுவிட்டு, "புள்ள, நல்லாயிருக்கு" என்றேன். அவ காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

ஹோட்டல், பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல்காரர் சொல்லாமல் நின்றுவிட்டால் கடையை மூடும் நிலையில் எம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு கிலோ கோழியில் தோலும் கழிவும் போக மிஞ்சுவது எவ்வளவு, ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டரில் எத்தனை சட்டி இறங்கும் என்று முதலாளிக்கே தெரிந்திருந்தால் பாதித் தலையிடி குறையும். இதைப் பற்றி வேறொரு வாரம் விரிவாக எழுதலாம், இன்ஷா அல்லாஹ்.

தொழிலாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளை இத்தகைய வீட்டு வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். 1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கி, இன்று இலங்கை சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக இயங்கும் இடம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையும் இருக்கிறது. எமக்குத் தேவை சான்றிதழ் அல்ல.

எங்கு சேருவதானாலும் சேரும் முன் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை அடுப்பு? சட்டியை நாமே கையில் எடுப்போமா, அல்லது அவர் செய்வதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவதா? பார்த்துவிட்டு மட்டும் வரும் வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். அதற்கு இப்போது போனே போதும். ஊரில் அப்படி ஒருவரும் கற்றுத்தருவதில்லை என்றால், உங்கள் ஜமாஅத்தில் கஞ்சி காய்ச்சும் அனுபவசாலியைப் பிடித்து, ஐந்தாறு பேர் சேர்ந்து சாமான் செலவைப் பங்கிட்டுக்கொண்டால் காரியம் முடிந்தது. சீனி, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் சமைக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் மாஸ்டரிடம் அடுத்த பத்து வாரத்துக்கான எட்டு இடங்களும் நிரம்பிவிட்டன. அதில் மூவர் கெய்சர் வீதிக் கடைக்காரர்கள்.